தராசில் ஏறாத கிலோ

கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒரு சின்னத் தகராறு இல்லாமல் பொழுது போவதில்லை. எட்டியாந்தோட்டையோ இறக்குவானையோ, எந்த மலையானாலும் இதே கதைதான். சாக்குக்கு இவ்வளவு, மழை ஈரத்துக்கு இவ்வளவு, முற்றல் இலைக்கு இவ்வளவு என்று கணக்கப்பிள்ளை கழித்துக்கொண்டே வருவார். "என்னங்கையா, ரெண்டு கிலோவ ஒரேயடியா கழிச்சிட்டீங்க?" என்று ஒரு குரல் எழும். முள்ளைப் பார்க்காமலே தன் கூடையின் நிறையைச் சொல்லக்கூடியவருடைய குரல் அது. தலையில் மாட்டிய கயிறு உச்சியை இழுக்கிற இழுப்பே அவருக்குத் தராசு.

அதே வரிசையில் நிற்கும் சில பெண்கள் இன்னொரு பாரத்தையும் சுமக்கிறார்கள். விடியற்காலைப் பெரட்டுக்கு வருமுன்பே ஏறிவிட்ட பாரம். மடுவத்தில் கூடையைக் கவிழ்த்த பிறகும் இறங்காத பாரம். அது முதுகில் இல்லை, முன்னால் தொங்குகிறது. தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனால் "பிடரி இழுக்குது", "தோள்பட்ட எரியுது", "முதுகு விட்டுப் போச்சு" என்பார்கள். மார்பு என்ற சொல் வாயில் வராது. பனடோல் கொடுப்பார்கள், வீட்டுக்கு வந்து சித்தாலேப தேய்த்துக்கொள்வார்கள். மறுநாள் மலைக்குப் போனால் மறுபடி அதே இழுப்பு.

இந்த அத்தியாயம் அந்தப் பாரத்தைப் பற்றியது. அதைக் குறைக்க ஒரு சத்திரசிகிச்சை இருக்கிறது. அதற்குப் போகும் பெண் எதை எதிர்பார்க்க வேண்டும், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதைச் சொல்லப் பார்க்கிறேன்.

முன்னாலும் பாரம், பின்னாலும் பாரம் என்றால் காவடி மாதிரி சமன்படாதா என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. காவடித்தண்டு எந்தப் பக்கமும் சாயாது என்பது சரிதான். ஆனால் தோளில் இறங்குவது இரண்டு பக்கத்து எடையின் கூட்டுத்தொகை. அதோடு, இங்கே இரண்டு பாரமும் ஒரே தண்டில் தொங்கவில்லை. கூடை தலையைப் பின்னுக்கு இழுக்கிறது, மார்பு தோள்களை முன்னுக்கும் கீழுக்கும் இழுக்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது பிடரித் தசை.

கணக்காகவே பார்க்கலாம். சாதாரணமாக ஒரு மார்பு சில நூறு கிராம்தான் இருக்கும். ஒரு பெண்ணுக்கு அது ஒன்றரை கிலோ என்று வைத்துக்கொள்வோம், இரண்டும் சேர்ந்து 3 கிலோ. அந்த எடை முள்ளந்தண்டிலிருந்து ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் முன்னால் தொங்குகிறது. அதை எதிர்த்துப் பிடிக்கும் முதுகுத் தசையோ முள்ளந்தண்டுக்குப் பின்னால் வெறும் 5 சென்டிமீட்டரில் இருக்கிறது. கிணற்றுத் துலாவின் விதிதான் இதற்கும். மூன்றை இருபதால் பெருக்கி ஐந்தால் வகுத்தால் 12. நிமிர்ந்து சும்மா நிற்பதற்கே அந்தத் தசை 12 கிலோவைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். குனிந்தால் நெம்புகோலின் கை நீளும், கணக்கும் ஏறும். கேகாலை மாவட்டத்து றப்பர் தோட்டங்களில் பால் வெட்டும் பெண்கள், வெட்டுக் கோடு கீழே இறங்கிய மரங்களில், மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்ந்து நூற்றுக்கணக்கான மரங்களைக் காலை வெயில் ஏறுமுன் முடித்தாக வேண்டும்.

இனி மார்புக்கச்சையின் பட்டி. சந்தையில் வாங்கும் மெல்லிய பட்டி அத்தனை எடையையும் தோளில் ஒரு விரல் அகலத்தில் இறக்குகிறது. வருடக்கணக்கில் அந்த இடத்தில் பள்ளம் விழும். தொட்டால் தெரியும் பள்ளம். தோள் முன்னுக்குச் சரியச் சரிய, கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புக் கற்றையும் நெரிபடலாம். அப்போது சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப் போகும். ஒரு கணக்கெழுதுபவருக்கு அது தொல்லை, கொழுந்து பறிப்பவருக்கு அது நேரே கிலோவில் விழும் அடி.

தோலையும் சொல்ல வேண்டும். இரத்தினபுரி இலங்கையின் மழை ஊர்களில் ஒன்று, ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும் இடம். இடுப்பில் படங்கு, மேலே ரெட்டுத் துண்டு, உள்ளே வியர்வை. மார்பு வயிற்றில் படியும் மடிப்பில் காற்றுப் படுவதேயில்லை. அங்கே பூஞ்சணம் பிடிக்கிறது. கால் விரலிடுக்கில் வரும் சேற்றுப்புண்ணுக்குக் கிட்டத்தட்டச் சொந்தக்காரன். "அவிஞ்சு போச்சு" என்பார்கள், மிகச் சரியான சொல். களிம்பு பூசினால் ஆறும், அடுத்த மழைக்குத் திரும்பும்.

ஏன் சிலருக்கு மட்டும் இப்படி? மார்பு என்பது பால் சுரப்பிகளும் கொழுப்பும் சேர்ந்த உறுப்பு. அதைத் தாங்குவது தோலும், உள்ளே ஓடும் மெல்லிய நார்களும்தான். இந்த நார்களை விவரமாக எழுதிவைத்த இங்கிலாந்து வைத்தியர் ஆஸ்ட்லி கூப்பரின் மார்பு உடற்கூற்று நூல் 1840இல் வந்தது, இன்றும் அவை அவர் பெயரில்தான் வழங்குகின்றன. மார்புக்குள் தசை கிடையாது. ஆகவே தேகப்பயிற்சியால் மார்பைத் தூக்கி நிறுத்தலாம் என்று விற்கப்படும் எதையும் நம்ப வேண்டாம். ஈஸ்ட்ரஜன் ஹோர்மோன் எல்லார் இரத்தத்திலும் ஓடுகிறது. சிலருடைய மார்புத் திசு அதற்கு அதிகமாகச் செவிசாய்க்கிறது. பரம்பரை, உடல் பருமன், பிள்ளைப்பேறு எல்லாம் அதில் கூடச் சேர்கின்றன. அரிதாக, வயதுக்கு வந்த சில மாதங்களிலேயே நிறுத்தமில்லாமல் வளர்வதும் உண்டு. பிளிமத் நகரத்தில் ஓர் இளம்பெண்ணுக்கு மார்பு திடீரென்று பெருத்ததை வில்லியம் டர்ஸ்டன் என்ற வைத்தியர் 1669இல் இலண்டன் ரோயல் சொசைட்டியின் இதழுக்கு எழுதினார். அந்தப் பெண் இறந்தபின் ஒரு மார்பை எடுத்து நிறுத்திருக்கிறார்கள். 64 றாத்தல். பழைய தோட்டத்து அளவையிலேயே வருகிறது, மாற்றிச் சொல்லத் தேவையில்லை.

அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து விளையாடிய பிள்ளை திடீரென்று விளையாட்டை விட்டுவிடுகிறது, கூனி நடக்கிறது, புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடியே வருகிறது என்றால் "பெரிய மனுஷியாயிட்டா, வெக்கம்" என்று முடித்துவிடுகிறோம். சில சமயம் அது வெட்கம் இல்லை, எடை.

இது அழகுக்கான சிகிச்சையா, நோய்க்கான சிகிச்சையா என்று ஒரு வழக்கு எப்போதும் நடந்துகொண்டிருக்கிறது. 2018 பெப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மார்புச் சீரமைப்புச் சிகிச்சையை இலவசமாகத் தொடங்கியது. அப்போதைய சுகாதார அமைச்சர் சி. விஜயபாஸ்கர், அழகுச் சிகிச்சை ஏழைக்கு ஏன் கிடைக்கக் கூடாது என்று கேட்டார். உலகப் பத்திரிகைகள் பல "இலவச மார்பகப் பெருக்கம்" என்று தலைப்புப் போட்டுச் சிரித்தன. தோள்வலியும் முதுகுவலியும் தாங்காமல் குறைத்துவிடுங்கள் என்று வரும் பெண்களுக்கும் சேர்த்துத்தான் அது என்ற பகுதி தலைப்புக்குப் போகவில்லை. அமைச்சரின் நோக்கத்தில் எனக்குக் குறை இல்லை, சொல்லில்தான் குறை. மார்பைக் குறைப்பதை அழகு என்ற பெட்டிக்குள் போட்டுவிட்டால், முதுகுவலிக்காரி கேட்கக் கூச்சப்படுவாள், கேட்டாலும் வீட்டில் சிரிப்பார்கள்.

சத்திரசிகிச்சை இல்லாமல் முடியாதா? உடல் பருமன் இருந்தால் அது குறையும்போது மார்பும் ஓரளவு குறையலாம். அகலப் பட்டி வைத்த, அளவு பார்த்து வாங்கிய கச்சை உதவும். உடற்பயிற்சி பிடரியைப் பலப்படுத்தும். இவற்றை முதலில் செய்து பார்ப்பது நியாயம். ஆனால் நிஜமாகவே எடை மிகுந்தவர்களை வைத்து அமெரிக்காவில் செய்து 2002இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கச்சையும் மருந்தும் பயிற்சியும் நிலைத்த நிவாரணம் தரவில்லை, சத்திரசிகிச்சை தந்தது. மார்பின் அளவை மட்டும் வைத்து ஒருவரின் அவதியை அளக்க முடியாது என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது.

இதில் இன்னொரு தராசுக் கதை உண்டு. அமெரிக்காவின் காப்புறுதிக் கம்பனிகள் ஒரு காலத்தில், ஒரு மார்பிலிருந்து 500 கிராமாவது எடுத்தால்தான் அது நோய், குறைந்தால் அழகு என்று கோடு கிழித்திருந்தன. 1991இல் போல் ஷ்னுர் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், உடம்பின் பரப்புக்கு ஏற்ப அந்தக் கோடு நகர வேண்டும் என்று ஓர் அட்டவணை போட்டார். நாலடி பத்தங்குலப் பெண்ணுக்கு 300 கிராமே பெரிய பாரமாக இருக்கலாம் அல்லவா? பிறகு அந்த அட்டவணையையே கம்பனிகள் கதவடைக்கப் பயன்படுத்தின. பின்னாளில், இதைக் காப்புறுதிக்கு அளவுகோலாக வைக்காதீர்கள் என்று ஷ்னுரே எழுத வேண்டியதாயிற்று. கணக்கப்பிள்ளைமார் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.

நம் நாட்டில் அந்தப் பிரச்சினை இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டணம் கிடையாது. இங்கே தடை வேறு. தூரம், காத்திருப்பு, பாஷை. தோட்டத்து டிஸ்பென்சரியிலிருந்து துண்டு வாங்கி, கரவனெல்லையோ காவத்தையோ பலாங்கொடையோ, பக்கத்து ஆதார வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அங்கிருந்து இரத்தினபுரி போதனா வைத்தியசாலை மாதிரிப் பெரிய இடத்துச் சத்திரசிகிச்சைக் கிளினிக். பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணரிடம் அனுப்பினால் கொழும்பு தேசிய வைத்தியசாலை. இரத்தினபுரியிலிருந்து அவிசாவளை வழியாகச் சுமார் 100 கிலோமீட்டர். ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய சம்பளத்தை, தின்னும்.

முதல் படியில் சொல்லத் தயங்குபவர்களுக்கு ஒரு பக்கவாசல் உண்டு. 1996இல் ஆரம்பித்த வெல் வுமன் கிளினிக். 35 வயதுப் பெண்களை முக்கியமாக அழைக்கும் இந்தக் கிளினிக்கில் மார்புப் பரிசோதனையும் ஒரு பகுதி. அங்கே மார்பைப் பற்றிப் பேச்செடுக்க வெட்கப்பட வேண்டியதில்லை, அவர்களே எடுப்பார்கள். குடும்ப சுகாதார மாதுவிடம் சொன்னால் கடிதமும் வழியும் கிடைக்கும். ஒரு யோசனை: பெரிய ஆஸ்பத்திரிக்குச் சிங்களம் பேசத் துணைக்கு மகனையோ தம்பியையோ கூட்டிப் போவதைத் தவிருங்கள். அவர்கள் முன்னால் பாதி நோவை விழுங்கிவிடுவீர்கள். அக்காவோ மதினியோ வரட்டும்.

கிளினிக்கில் என்ன கேட்பார்கள்? எப்போதிலிருந்து வலி, பிள்ளைகள் எத்தனை, குடும்பத்தில் யாருக்காவது மார்புப் புற்றுநோய் உண்டா, நீரிழிவு, பிரஷர். கட்டி இருக்கிறதா என்று கையால் பார்ப்பார்கள். வயதைப் பொறுத்து ஸ்கேனோ மெமோகிராமோ எடுக்கச் சொல்வார்கள். குறைக்க வந்த இடத்தில் ஒரு கட்டியை அறியாமல் வெட்டிவிடக் கூடாது என்பதற்காக.

பிறகு அந்தக் கேள்வி வரும். "சிகரெட் பிடிப்பீங்களா?"

"ஐயய்யோ, இல்லீங்க டொக்டர்!"

படிவத்தில் 'இல்லை' என்று விழும். மடியில் வெற்றிலைப் பொட்டலம் இருக்கும், அதற்குள் பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டுப் புகையிலை. நிக்கொட்டினுக்கு நுரையீரல்தான் வேண்டும் என்றில்லை. கன்னத்தின் உட்தோல் வழியாகவும் அது இரத்தத்துக்குப் போகும், போய்ச் சின்ன இரத்தக் குழாய்களைச் சுருக்கும். இந்தச் சத்திரசிகிச்சை முழுக்க முழுக்கச் சின்ன இரத்தக் குழாய்களை நம்பி நடப்பது. குழாய் சுருங்கினால் புண் ஆறாது, தோல் கறுக்கும், காம்பே போய்விடலாம். ஆகவே சிகிச்சைக்கு முன் குறைந்தது நான்கு வாரமும் பின் நான்கு வாரமும் புகையிலை கூடாது. கேட்கும் டொக்டர் "வெத்தில போடுவீங்களா, பொகையில சேத்தா?" என்று கேட்டால் நல்லது. கேட்காவிட்டால் நீங்களாகச் சொல்லுங்கள்.

இரத்தச் சோகையும் பார்ப்பார்கள். தோட்டத்துப் பெண்களிடம் அது சகஜம். ஹீமோகுளோபின் குறைவென்றால் இரும்புச் சத்து மாத்திரை தந்து தள்ளிப் போடுவார்கள். மாத்திரையை விழுங்கி உடனே பிளேன்டீ குடித்தால் பாதி வீண். தேயிலைச் சாயத்தில் உள்ள பொருள் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும், குடல் அதை உறிஞ்ச முடியாது. நாள் முழுக்கத் தேயிலை பறிக்கிறவருக்கு அந்தத் தேயிலையே குறுக்கே நிற்கிறது.

இளம்பெண் என்றால் இன்னொன்றையும் நிதானமாக யோசிக்க வேண்டும், தாய்ப்பால். சுரப்பியும் பால் குழாய்களும் கொஞ்சம் வெட்டுப்படாமல் மார்பைக் குறைக்க வழியில்லை. பிறகு பிள்ளை பெறும்போது சிலருக்கு முழுதாகப் பால் சுரக்கும், சிலருக்குப் பாதி, சிலருக்கு இல்லை. முன்கூட்டி யாரும் உறுதி தர முடியாது. பிள்ளைமடுவத்துக்கு ஓடி ஓடிப் பால் கொடுத்து வளர்க்கும் இடத்தில் இது சின்ன விஷயமல்ல. பொறுக்கக்கூடிய வலி என்றால் கடைசிப் பிள்ளை பால் மறந்து ஆறு மாதமான பின் செய்வது உத்தமம். பொறுக்க முடியாத பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் அப்படிச் சொல்ல எனக்கு மனம் வராது. அதை அவளும் டொக்டரும்தான் முடிவு செய்ய வேண்டும்.

சத்திரசிகிச்சை அன்று முதல் வேலை படம் வரைவது. பெண்ணை நிமிர்ந்து நிற்க வைத்து அல்லது உட்கார வைத்து, அழியாத பேனாவால் மார்பில் கோடு போடுவார்கள். படுத்தால் மார்பு பக்கவாட்டில் சரிந்து அளவு மாறிவிடும் என்பதால் இதை மேசையில் ஏற்றிய பின் செய்ய முடியாது. காம்பு புதிதாக எங்கே வர வேண்டும் என்பதை மார்பின் கீழ் மடிப்பின் மட்டத்தை வைத்துக் குறிப்பார்கள். கோட்டின் வடிவம் ஒரு சாவித் துளையை ஒத்திருக்கும். அதை 1956இல் கொடுத்தவர் ரொபர்ட் வைஸ் என்ற அமெரிக்கர். மார்புக்கச்சை தைப்பவர்கள் துணி வெட்டும் பட்டர்னிலிருந்து அவர் அதை எடுத்தார். தட்டைத் துணியைக் கிண்ணமாக்குவது எப்படி என்பது தையற்காரருக்கு எப்போதோ தெரிந்த வித்தைதானே. சட்டைக்கு டாட் பிடிக்கிற கணக்குத்தான். ஓரத்தில் வெட்டி, ஒன்றோடொன்று சேர்த்தால் நடு எழும்பும்.

காம்பை வெட்டி எடுத்து மேலே ஒட்டிவிடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. காம்புக்கு அடியில் ஒரு பட்டைத் திசுவை விட்டுவைத்து, அதன் இரத்தக் குழாயும் நரம்பும் அறாமல், அப்படியே மேலே நகர்த்துவார்கள். நகர்ந்து போகும் காம்புக்கு அந்தத் திசுவே காம்பு. அதைச் சுற்றியுள்ள மேல்தோலை மட்டும் சீவி எடுப்பார்கள், உள்தோலைத் தொடமாட்டார்கள். உள்தோலில் ஓடும் நுண்குழாய் வலைதான் காம்பை உயிரோடு வைக்கிறது என்று 1930இல் சொன்னவர் எமில் ஷ்வார்ஸ்மன். பால் வெட்டும் பெண்ணுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. கத்தி பட்டையில் மட்டும் ஓட வேண்டும், உள்ளே மரத்தைத் தொட்டால் காயம் பட்டு, பின்னால் அந்த இடம் முடிச்சு விழுந்து போகும். ஷ்வார்ஸ்மன் கேட்டதும் அதே கைநிதானம்.

மார்பு மிகமிகப் பெரிதாக இருந்தால் காம்பு நகர வேண்டிய தூரம் அதிகம். அவ்வளவு நீளத் திசுவின் முனைக்கு இரத்தம் போய்ச் சேராது. அப்போதுதான் காம்பைத் தனியாக எடுத்துப் புதிய இடத்தில் பதிப்பார்கள். இதற்கு உவமை றப்பர் நாற்றுமேடையில் இருக்கிறது, கண் ஒட்டு. நல்ல மரத்துக் கண்ணைப் பட்டையோடு பெயர்த்து, நாற்றில் பட்டை உரித்த இடத்தில் வைத்துக் கட்டுவார்கள். சில நாள் ஈரத்தை உறிஞ்சிப் பிழைக்கும், பிறகு பிடித்துக்கொள்ளும். இப்படிப் பதித்த காம்பிலே உணர்வு பெரும்பாலும் போய்விடும், பாலும் வராது.

இரண்டிலிருந்து நான்கு மணி நேரம் முழு மயக்கத்தில் நடக்கும். எடுத்த திசுவை இடம் வேறு, வலம் வேறாக நிறுப்பார்கள். கொழுந்து மடுவத்துத் தராசைப் போல அல்லாமல், இங்கே கழிவு கிடையாது, கிராம் கிராமாகக் குறிப்பில் ஏறும். பிறகு அதைப் பத்தலொஜி ஆய்வுக்கு அனுப்புவார்கள். மிகச் சிலரில், யாரும் எதிர்பார்க்காத நோய் அங்கே தென்படுவதுண்டு.

கண் விழிக்கும்போது நெஞ்சைச் சுற்றி இறுக்கிய கட்டு இருக்கும். சில வேளை பக்கவாட்டில் இரத்த நீர் வடியும் குழாயும் சின்னப் போத்தலும். பெரும்பாலானோர் ஓரிரு நாளில் குழாய் எடுத்து வீட்டுக்குப் போகலாம். அன்று மாலையே எழுந்து நடக்கச் சொல்வார்கள். காலில் இரத்தம் உறையாமலிருக்க அது முக்கியம், "பச்சை ஒடம்பு, படுத்தே இரு" என்று சொந்தக்காரர்கள் சொன்னாலும் கேட்கக் கூடாது. வலி இருக்கும், ஆனால் பிள்ளை பெற்றவர்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. மாத்திரைக்கு அடங்கும். பலர் முதலில் சொல்வது வலியைப் பற்றி அல்ல, தோள் லேசாக இருப்பதைப் பற்றி. கட்டுக்குள் வீங்கிய நிலையிலேயே அந்த வித்தியாசம் தெரிந்துவிடும்.

கஷ்டம் வீட்டில்தான் ஆரம்பம். ஆறு வாரத்துக்குக் கனமானதைத் தூக்கக் கூடாது, கையைத் தோளுக்கு மேல் நீட்டி வேலை செய்யக் கூடாது. இந்த வரியைக் கொழும்பு மாடிவீட்டில் படிப்பது வேறு, லயத்தில் படிப்பது வேறு. பீலியிலிருந்து குடத்தில் தண்ணீர், மலையிலிருந்து விறகு, கல்லில் அடித்துத் துவைக்கும் துணி, தேங்காய் துருவல், இடுப்பில் ஏறத் துடிக்கும் இரண்டு வயதுப் பிள்ளை. எல்லாமே மார்புத் தசையை இழுக்கும் வேலைகள். ஆகவே சத்திரசிகிச்சைக்கு நாள் குறிக்குமுன் கேட்க வேண்டிய கேள்வி ஆஸ்பத்திரியில் இல்லை, வீட்டில் இருக்கிறது: ஆறு வாரத்துக்குத் தண்ணீர் யார் தூக்குவது? அம்மாவோ அக்காவோ வந்திருக்க முடியுமா? புருஷன் குடம் எடுப்பாரா? அதற்குப் பதில் கிடைக்கும்வரை நாள் குறிக்காமலிருப்பதே மேல். கொழுந்து குறையும் வறட்சி மாதங்களைப் பார்த்துக் கேட்டால் பேரும் கொஞ்சம்தான் போகும், புண்ணிலும் மழை படாது. டொக்டர் தரும் துண்டைத் தோட்டத்துக் கந்தோரில் கொடுத்து, திரும்பும்போது முதலில் உட்கார்ந்து செய்யும் வேலை கேளுங்கள்.

புண் பொதுவாக இரண்டு மூன்று வாரத்தில் மூடும். அதிகம் தொல்லை தருவது, கீழே நெடுக்குத் தையலும் குறுக்குத் தையலும் சந்திக்கும் முச்சந்தி. இழுவை அங்கேதான் அதிகம், இரத்தம் அங்கேதான் குறைவு. ஒரு சிறு பிளவு விழுந்து நீர் கசிந்தால் பதற வேண்டாம். சுத்தமாகக் கட்டி வந்தால் தானாக ஆறும். பதற வேண்டியவை வேறு. ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கிக் கல்லாக இறுகுவது, காம்பு நீலம் பாய்ந்து கறுப்பது, காய்ச்சலோடு சிவப்புப் பரவிச் சீழ் வருவது, கெண்டைக்கால் வீங்கி நோவது, மூச்சு வாங்குவது. இவற்றில் எது வந்தாலும் அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திருக்கக் கூடாது, ராத்திரியானாலும் கிளம்ப வேண்டும். தோட்டத்து லொறியோ தெரிந்த த்ரீவீலோ, யாரைக் கூப்பிடுவது என்று முன்பே பேசி வைத்துவிட வேண்டும்.

காம்பில் உணர்வு குறைந்திருக்கும். நான்காவது விலா இடுக்கிலிருந்து வரும் நரம்பு அதற்குப் பிரதானம். அது நெரிபட்டிருந்தால் மாதங்களில் மீளும், அறுந்திருந்தால் மீளாது. எரிச்சலும் மின்னல் வெட்டும் வருவது நரம்பு விழிப்பதன் அடையாளம். இரண்டு பக்கமும் அச்சில் வார்த்தது போல் ஒரே அளவாக இராது, முன்பும் இருந்ததில்லை. பின்னால் உடம்பு பெருத்தாலோ பிள்ளை தரித்தாலோ மார்பும் ஓரளவு திரும்பப் பெருக்கலாம்.

தழும்பு நிச்சயம். காம்பைச் சுற்றி ஒரு வட்டம், அங்கிருந்து கீழே ஒரு கோடு, மடிப்பில் ஒரு குறுக்குக் கோடு, மொத்தத்தில் ஒரு நங்கூரம். குறுக்குக் கோடு இல்லாமல் முடிக்கும் முறையும் உண்டு, ஆனால் மிகப் பெரிய மார்புக்கு எப்போதும் பொருந்தாது. நம் தோல் நிறத்துக்குத் தழும்பு தடித்து எழும்பும் சுபாவம் கூடுதல். காது குத்திய இடத்திலோ தடுப்பூசி போட்ட இடத்திலோ தடித்த தழும்பு இருந்தால் முன்பே காட்டிவிடுங்கள். முதல் மாதங்களில் சிவந்து, பிறகு கறுத்து, ஒன்று ஒன்றரை வருடத்தில் மங்கும். ஜாக்கெட் போட்டால் எதுவும் தெரியாது.

ஆறு வாரம் கழிந்து டொக்டர் சரி என்ற பிறகு மலைக்குப் போகும் முதல் நாளில், நிறைந்த கூடையைத் தலையில் மாட்ட வேண்டாம். பாதிக் கூடையில் இறக்கிவிட்டு மறுபடி பறியுங்கள். மடிப்புத் தழும்பில் உராயாத பருத்தித் துணி உள்ளே இருக்கட்டும். பிடரித் தசை பல வருடம் ஒரு விதமாக இழுத்தே பழகியது, அது பழக்கத்தை விட இன்னும் சில வாரம் கேட்கும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது டயக்னோசிஸ் கார்டையும், பிறகு போய் வாங்கும் பத்தலொஜி அறிக்கையையும் தொலைத்துவிடாதீர்கள். பத்து வருடம் கழித்து மெமோகிராம் எடுக்கும் ஒருவர், உள்ளே தெரியும் வடுவைப் பார்த்துக் கட்டியோ என்று சந்தேகப்படலாம். அந்தக் கடதாசி இருந்தால் ஊசி குத்திப் பார்க்கும் வேலை மிச்சம். பிறப்புச் சான்றிதழும் ஈபிஎஃப் கடிதமும் கிடக்கும் தகரப் பெட்டியிலேயே வைக்கலாம். பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள், லயத்துக் கூரை ஒழுகும்.